கருப்பைக்குள் ஒரு சுவர்!

திருமணம் ஆகி ஐந்து ஆண்டுகள். மூன்று முறை கர்ப்பம் ஆனாள். மூன்று முறையும் கரு கலைந்து விட்டது.

முதல் தடவை, "குடம் தூக்கினாய், அதனால்தான்" என்றார்கள். இரண்டாம் தடவை, "பப்பாளிப் பழம் தின்று இருப்பாய்" என்றார்கள். மூன்றாம் தடவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு அவளை அழைக்காமல் விட்டு விட்டார்கள்!

இப்படிக் கண்ணீர் வடிக்கும் பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன?

ஒன்றும் இல்லை!

சில பெண்களுக்கு, அவர்கள் பிறப்பதற்கு முன்பே, கருப்பையின் நடுவில் ஒரு சுவர் நின்று விடுகிறது. அது இருப்பது அவளுக்கும் தெரியாது. அவளைப் பெற்றவளுக்கும் தெரியாது.

அந்தச் சுவரை வெட்டி எடுக்க முடியுமா? எடுத்தால் குழந்தை தங்குமா?

நூறு ஆண்டுகளுக்கு மேலாக டாக்டர்கள் இந்தக் கேள்விக்கு விடை தேடி வருகிறார்கள். "கண்டு பிடித்து விட்டோம்!" என்று ஒரு காலத்தில் மகிழ்ந்தார்கள். பிறகு அந்த விடையே ஆட்டம் கண்டது. அந்தக் கதைதான் இது.

இரண்டு குழாய்கள்

கருப்பை எப்படி இருக்கும்? ஒரு பேரிக்காயைத் தலைகீழாகப் பிடித்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும். நீளம் 7 அல்லது 8 சென்டி மீட்டர்தான். உள்ளங்கையில் அடங்கி விடும். இந்தச் சிறிய பைதான், பத்து மாதத்தில் ஒரு முழுக் குழந்தையைத் தாங்கும் அளவுக்கு விரிந்து கொடுக்கிறது.

ஆனால், இந்தப் பை முதலில் ஒரே பையாக உண்டாவது இல்லை. பெண் குழந்தை தாய் வயிற்றில் வளரும்போது, அதன் அடிவயிற்றில் இடப் பக்கம் ஒன்று, வலப் பக்கம் ஒன்று என இரண்டு மெல்லிய குழாய்கள் தோன்றுகின்றன. ஜெர்மனி நாட்டு அறிஞர் ஜோகன்னஸ் முல்லர் 1830-ம் ஆண்டில் இவற்றைப் பற்றி விளக்கி எழுதினார். அதனால் இவற்றுக்கு "முல்லர் குழாய்கள்" என்று பெயர்.

இரண்டு குழாய்களும் நெருங்கி வந்து, கீழ்ப் பகுதியில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கொள்ளும். ஒட்டிய இடத்தில் நடுவே ஒரு சுவர் இருக்கும் அல்லவா? அது மெல்ல மெல்லக் கரைந்து போகும். ஐந்தாம் மாத வாக்கில் சுவர் மறைந்து, ஒரே அறையாகி விடும். அதுதான் கருப்பை. ஒட்டாமல் நிற்கும் மேல் பகுதிகள், கருக்குழாய்களாக இரு பக்கமும் நீண்டு நிற்கும்.

இந்த வேலையில் எங்காவது ஒரு தடங்கல் ஏற்பட்டால், கருப்பையின் உருவம் மாறி விடுகிறது.

நான்கு வகை

குழாய்கள் ஒட்டிய பிறகு நடுச் சுவர் கரையாமல் நின்று விட்டால், கருப்பை வெளியில் பார்க்க ஒன்றாகவே இருக்கும். உள்ளே மட்டும் இரண்டு அறைகள். ஒரு கூடத்தின் நடுவில் தட்டி வைத்து அடைத்தது போல! இது முதல் வகை.

குழாய்கள் மேல் பாதியில் ஒட்டாமல் விலகி நின்றால், கருப்பை வெளியிலேயே இரண்டு கொம்பு முளைத்தது போல் இருக்கும். இது இரண்டாம் வகை.

குழாய்கள் ஒட்டவே இல்லை என்றால், தனித் தனியாக இரண்டு கருப்பைகள் இருக்கும். இது மூன்றாம் வகை. இரண்டு கருப்பைகளிலும் ஒரே சமயத்தில் குழந்தை வளர்ந்ததும் உண்டு!

ஒரு குழாய் மட்டும் வளர்ந்து, மற்றொன்று வளராமல் நின்று விட்டால், ஒற்றைக் கொம்புக் கருப்பை. இது நான்காம் வகை.

இவை மிக அபூர்வம் என்று எண்ணி விடாதீர்கள். பல ஆய்வுகளைத் திரட்டி 2011-ம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பொதுவாக 100 பெண்களில் 5 அல்லது 6 பேருக்குக் கருப்பை உருவத்தில் ஏதாவது ஒரு வேறுபாடு இருக்கிறது. கரு கலைந்த பெண்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், 100 பேரில் 13 பேருக்கு இருக்கிறது.

அப்படியானால் இன்னொன்றும் தெரிகிறது. உருவம் மாறிய கருப்பையோடு நல்லபடியாகப் பிள்ளை பெற்ற பெண்களும் ஏராளம்! பலருக்குத் தங்கள் கருப்பை அப்படி இருப்பது கடைசி வரை தெரிவதே இல்லை.

சிலருக்குத்தான் துன்பம். சுவரில் ரத்த ஓட்டம் குறைவாக இருக்கும். அங்கே வேர் ஊன்றிய கரு, உரம் இல்லாமல் கலைந்து விடும் என்று டாக்டர்கள் கருதினார்கள். அறை குறுகலாக இருப்பதால், குழந்தை குறுக்கே கிடப்பதும், குறை மாதத்தில் பிறப்பதும் உண்டு.

பெர்லின் டாக்டர்

ஜெர்மனியின் தலைநகர் பெர்லின். அங்கே பால் ஸ்ட்ராஸ்மன் என்ற மகப்பேறு டாக்டர் இருந்தார். 1907-ம் ஆண்டில் அவர் ஒரு புது ஆபரேஷன் செய்தார்.

இரட்டைக் கொம்பு உள்ள ஒரு கருப்பை. அதன் இரண்டு அறைகளையும் ஒரே அறையாக்க வேண்டும். என்ன செய்தார் தெரியுமா? கருப்பையின் உச்சியைக் குறுக்கே வெட்டித் திறந்தார். வெட்டிய விளிம்புகளை நெடுக்கே வைத்துத் தைத்தார். குறுக்கே வெட்டி, நெடுக்கே தைத்ததும், இரண்டு அறைகளும் ஒன்றாகி விட்டன! ஒரு நல்ல தையல்காரர், இரண்டு சிறு பைகளைப் பிரித்து ஒரு பெரிய பையாகத் தைப்பது போன்ற வேலை.

அந்த ஆபரேஷனுக்கு இன்றும் "ஸ்ட்ராஸ்மன் ஆபரேஷன்" என்றே பெயர்.

ஸ்ட்ராஸ்மன் யூத வம்சத்தில் வந்தவர். பெர்லினில் அவர் சொந்தமாக ஓர் ஆஸ்பத்திரி நடத்தி வந்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு அதை இழந்தார். 1938-ம் ஆண்டில் காலமானார். அவருடைய மகன் எர்வின், அவரும் மகப்பேறு டாக்டர், அமெரிக்காவில் ஹூஸ்டன் நகருக்குப் போய்க் குடியேறினார். தந்தையின் ஆபரேஷனை அங்கே தொடர்ந்து செய்தார். 1966-ம் ஆண்டிலும் அதைப் பற்றி எழுதினார். நாட்டை விட்டுப் போனபோது, தந்தையின் வித்தை மகனோடு கூடவே போயிற்று!

நிழல் படம்

வயிற்றைத் திறக்காமல், கருப்பைக்குள் சுவர் இருப்பதை எப்படிக் கண்டு பிடிப்பது?

இதற்கு எக்ஸ்ரே கை கொடுத்தது. கருப்பைக்குள் ஒரு மருந்துத் திரவத்தைச் செலுத்தி, எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். சாதாரணக் கருப்பை, படத்தில் முக்கோணமாகத் தெரியும். சுவர் உள்ள கருப்பை, முயலின் இரண்டு காதுகள் போலத் தெரியும்.

ஆனால் ஒரு சங்கடம். கருப்பையின் உள் பக்கம்தான் படத்தில் விழும். வெளிப் பக்கம் விழாது. சுவர் உள்ள கருப்பையும் முயல் காது போலத்தான் தெரியும். இரட்டைக் கொம்புக் கருப்பையும் முயல் காது போலத்தான் தெரியும்! எது எது என்று பிரித்து அறிய முடியாது. வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

கணவனும் மனைவியும்

அமெரிக்காவில் பால்டிமோர் என்று ஒரு நகரம். அங்கே உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ஹோவர்ட் ஜோன்ஸ், ஜார்ஜியானா ஜோன்ஸ் என்ற டாக்டர் தம்பதி பணி புரிந்தார்கள். மீண்டும் மீண்டும் கரு கலைவதற்கும் இரட்டைக் கருப்பைக்கும் உள்ள தொடர்பு பற்றி 1953-ம் ஆண்டில் அவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். யாருக்கு ஆபரேஷன் செய்யலாம் என்றும் அதில் கூறினார்கள். கருப்பையின் நடுச் சுவரை, பூசணிக்காயில் கீற்று வெட்டுவது போல வெட்டி எடுத்து, இரு பாதிகளையும் சேர்த்துத் தைப்பது ஹோவர்டின் முறை.

இதே தம்பதிதான் பிற்காலத்தில் அமெரிக்காவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறக்கக் காரணமாக இருந்தவர்கள். 1981-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி அந்தக் குழந்தை பிறந்தது. ஹோவர்ட் ஜோன்ஸ் 104 வயது வரை வாழ்ந்து, 2015-ம் ஆண்டில் காலமானார்.

ஆனால் இந்த ஆபரேஷன்கள் எல்லாம் பெரிய ஆபரேஷன்கள். வயிற்றைக் கிழிக்க வேண்டும். கருப்பையையும் கிழிக்க வேண்டும். ஆறுவதற்குப் பல மாதம் ஆகும். அதுவரை கர்ப்பம் ஆகக் கூடாது. கர்ப்பம் ஆனாலும், தையல் போட்ட இடம் பிரசவ வலியில் பிய்ந்து விடுமோ என்று பயம். எனவே, குழந்தையையும் ஆபரேஷன் செய்தே எடுப்பார்கள். ஒரு குழந்தைக்காகத் தாய் இரண்டு தடவை கத்திக்குப் படுக்க வேண்டி இருந்தது!

கத்தி இல்லை, தழும்பு இல்லை!

பிறகு ஒரு புதிய கருவி வந்தது. பென்சில் போன்ற மெல்லிய குழாய். அதன் நுனியில் விளக்கு. கருப்பை வாய் வழியாக அதை உள்ளே செலுத்தினால், கருப்பையின் உள் பக்கத்தை நேராகப் பார்க்கலாம்.

"பார்க்க முடிகிறது என்றால், சுவரை வெட்டவும் முடியும் அல்லவா?" என்று டாக்டர்கள் எண்ணினார்கள். சுவீடன் நாட்டில் 1970-ம் ஆண்டில் இது பற்றிய செய்தி வந்தது. 1981-ம் ஆண்டில், நியூயார்க் டாக்டர்கள் செர்வெனாக், நியூவிர்த் இருவரும், குழாய் வழியாகவே சுவரை வெட்டியதை வெளியிட்டார்கள்.

அதன் பிறகு அந்த முறை உலகம் எங்கும் பரவியது. வயிற்றில் வெட்டு இல்லை. தழும்பு இல்லை. குழாய் வழியாக ஒரு சிறு கத்தரிக்கோலை விட்டுச் சுவரை நறுக்கினால் போதும். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போய் விடலாம்.

அதிசயக் கணக்கு

இந்த ஆபரேஷனால் பலன் உண்டா? 2000-ம் ஆண்டில் பல டாக்டர்களின் கணக்குகளை ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள்.

ஆபரேஷனுக்கு முன்பு அந்தப் பெண்கள் 1,062 முறை கர்ப்பம் ஆகி இருந்தார்கள். அதில் 100-க்கு 88 கலைந்து விட்டன! மாதம் நிறைந்து பிறந்தவை 100-க்கு 3 மட்டுமே.

ஆபரேஷனுக்குப் பிறகு 491 முறை கர்ப்பம் ஆனார்கள். கலைந்தவை 100-க்கு 14 தான். மாதம் நிறைந்து பிறந்தவை 100-க்கு 80!

மூன்று எங்கே? எண்பது எங்கே? இதைப் பார்த்தவர்கள், "இனி என்ன சந்தேகம்? சுவர் இருந்தால் வெட்டி விட வேண்டியதுதான்" என்றார்கள்.

ஆனால் சில டாக்டர்கள் மட்டும் சந்தேகப்பட்டார்கள்.

எங்கே தவறு?

குழந்தைக்குக் காய்ச்சல். முதல் நாள் லேசாகச் சுடுகிறது. இரண்டாம் நாள் கொதிக்கிறது. மூன்றாம் நாள், பயந்து போன பாட்டி ஒரு கஷாயம் போட்டுக் கொடுக்கிறாள். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கி விடுகிறது.

கஷாயத்தால் இறங்கியதா? அல்லது தானாகவே இறங்க இருந்த காய்ச்சலா? ஒரே குழந்தையை வைத்துக் கொண்டு இதைச் சொல்ல முடியாது. கஷாயம் குடிக்காத குழந்தைகளுக்கு நான்காம் நாள் எப்படி இருந்தது என்று பார்த்தால்தான் தெரியும்.

இங்கும் அதே கதைதான். ஆபரேஷனுக்கு வந்தவர்கள் யார்? இரண்டு முறை, மூன்று முறை கரு கலைந்தவர்கள். நல்லபடியாகப் பெற்றவள் டாக்டரிடம் வரவே இல்லை! ஆகவே, "முன்பு" என்ற கணக்கில் கலைந்தவைதான் நிறைந்து இருக்கும். அதே பெண்கள் ஆபரேஷன் செய்யாமலே மறுபடியும் கர்ப்பம் ஆகி இருந்தால்? அவர்களிலும் பலருக்குக் குழந்தை தங்கி இருக்குமே! மூன்று முறை காரணம் தெரியாமல் கரு கலைந்த பெண்களில்கூட, பாதிக்கு மேற்பட்டோர் அடுத்த முறை பிள்ளை பெறுகிறார்கள் என்பது டாக்டர்கள் அறிந்த உண்மை.

சீட்டுக் குலுக்கல்

உண்மையை அறிய ஒரே வழிதான் உண்டு. சுவர் உள்ள பெண்களை இரண்டு பிரிவாகப் பிரிக்க வேண்டும். ஒரு பிரிவுக்கு ஆபரேஷன். மற்றொரு பிரிவுக்கு ஆபரேஷன் இல்லை. யார் எந்தப் பிரிவு என்பதை டாக்டரும் தீர்மானிக்கக் கூடாது. நோயாளியும் தீர்மானிக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கிப் போடுவது போல முடிவாக வேண்டும்.

நெதர்லாந்து டாக்டர்கள் முன்னின்று இந்தச் சோதனையை நடத்தினார்கள். இங்கிலாந்து, அமெரிக்கா, ஈரான் ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து கொண்டன. 2010-ம் ஆண்டு முதல் 2018-ம் ஆண்டு வரை நடந்தது. எட்டு ஆண்டுகளில் 80 பெண்கள்தான் சேர்ந்தார்கள்! "என் வயிற்றின் கதியைக் குலுக்கல் தீர்மானிப்பதா?" என்ற தயக்கம் எந்தப் பெண்ணுக்கும் இருக்கும் அல்லவா?

2021-ம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று.

ஆபரேஷன் செய்து கொண்ட பிரிவில், 39 பேரில் 12 பேருக்குக் குழந்தை பிறந்தது. ஆபரேஷன் இல்லாத பிரிவில், 40 பேரில் 14 பேருக்குக் குழந்தை பிறந்தது.

வித்தியாசமே இல்லை! டாக்டர்கள் திகைத்தார்கள்.

"80 பேர் போதாது. இன்னும் பெரிய சோதனை வேண்டும்" என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். "பலன் உண்டு என்று நிரூபிக்கும் வரை கத்தரிக்கோலைக் கையில் எடுக்காதீர்கள்" என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள். மீண்டும் மீண்டும் கரு கலைந்தவர்களுக்கு மட்டும் செய்யலாம் என்பவர்களும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

அப்படியானால் ஒரு பெண் என்ன செய்வது? "உன் கருப்பையில் குறை இருக்கிறது" என்று சொன்னதும் மனம் உடைந்து போகக் கூடாது. உடனே ஆபரேஷனுக்கு ஓடவும் கூடாது. டாக்டரிடம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

"இது எந்த வகை?" இதுதான் முதல் கேள்வி. இன்று முப்பரிமாண ஸ்கேனும், எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் கருப்பையின் உள் பக்கம், வெளிப் பக்கம் இரண்டையும் காட்டி விடுகின்றன. இரட்டைக் கொம்பைச் சுவர் என்று எண்ணிக் குழாய் விட்டு வெட்டினால், கருப்பை ஓட்டையாகி விடும்! அதனால் வகை தெரிவது மிக முக்கியம்.

இரண்டு தனிக் கருப்பைகள் இருந்தால், பெரும்பாலும் ஆபரேஷன் தேவை இல்லை. இரட்டைக் கொம்புக்கு ஸ்ட்ராஸ்மன் ஆபரேஷன் இன்று மிக அபூர்வமாகத்தான் செய்யப் படுகிறது. ஒற்றைக் கொம்பைக் கத்தியால் பெரிதாக்க முடியாது. ஆனால் அதன் பக்கத்தில், வளராத சிறு கொம்பு ஒன்று உள்ளறையோடு இருந்தால், அதை எடுத்து விடுவது உண்டு. அதில் கரு தங்கினால் வெடித்து உயிருக்கே ஆபத்து ஆகும்.

"வேறு காரணம் இருக்கிறதா?" இது இரண்டாம் கேள்வி. தைராய்டு, சர்க்கரை, ரத்தம் உறையும் கோளாறு ஆகியவற்றாலும் கரு கலையலாம். கணவன், மனைவி இருவருக்கும் ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். ஆம், கணவனுக்கும்தான்!

"ஆபரேஷனால் என்ன தீங்கு வரலாம்?" இது மூன்றாம் கேள்வி. குழாய் ஆபரேஷன் சிறியதுதான். ஆனாலும் கருப்பையில் ஓட்டை விழுவதும், உள்ளே தழும்பு ஒட்டிக் கொள்வதும், அபூர்வமாகப் பின்னால் வரும் பிரசவத்தில் கருப்பை கிழிவதும் உண்டு.

"என் சிறுநீரகம் எப்படி இருக்கிறது?" இது நான்காம் கேள்வி. கருப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இரண்டும் ஒரே காலத்தில், பக்கத்தில் பக்கத்தில் உருவாகின்றன. கருப்பை உருவம் மாறிய சிலருக்கு ஒரு சிறுநீரகம் மட்டுமே இருக்கும். ஒரு ஸ்கேன் போதும், தெரிந்து விடும்.

மீண்டும் கர்ப்பம் ஆனால்

இத்தகைய பெண் கர்ப்பம் ஆனால், தொடக்கத்தில் இருந்தே ஆஸ்பத்திரியில் காட்டி வர வேண்டும். குறை மாதத்தில் வலி வரலாம். குழந்தை குறுக்கே கிடக்கலாம். முன்கூட்டியே தெரிந்தால், டாக்டர்கள் தயாராக இருப்பார்கள்.

சிலருக்குக் கருப்பை வாய், நாள் ஆகும் முன்பே திறந்து கொள்ளும். அதற்கு ஒரு தையல் உண்டு. அந்தத் தையலைக் கண்டு பிடித்தவர் நம் நாட்டவர்! பம்பாய் டாக்டர் வி.என்.ஷிரோத்கர். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, 1955-ம் ஆண்டில் சென்னையில் இருந்து வந்த "ஆன்டிசெப்டிக்" என்ற மருத்துவ இதழில் வெளியாயிற்று. இன்றும் உலகம் முழுவதும் அந்தத் தையலுக்கு "ஷிரோத்கர் தையல்" என்று பெயர் வழங்குகிறது.

பழி வேண்டாம்!

நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய டாக்டர்கள் தேடியும், முழு விடை கிடைக்காத கேள்வி இது. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து இருப்பவர்கள், "அவள் ராசி அப்படி" என்று ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்லி விடுகிறார்கள்!

கரு கலைந்தது குடம் தூக்கியதால் அல்ல, படி ஏறியதால் அல்ல, ராசியாலும் அல்ல. சிலருக்கு அது பிறவியிலேயே வந்த ஒரு சுவர். அதை வெட்டுவதா, விட்டு விடுவதா என்பதை டாக்டரோடு கலந்து அவள் முடிவு செய்து கொள்வாள். வெட்டாமலே அவள் மடியில் குழந்தை தவழவும் வழி இருக்கிறது.

ஆனால், அவளுக்கும் ஊருக்கும் நடுவில் எழுப்பிய சுவர் ஒன்று இருக்கிறதே! அதை இடிக்க ஸ்கேன் வேண்டாம், ஆபரேஷன் வேண்டாம். அடுத்த வளைகாப்புக்கு அவளையும் அழைத்து, அவள் கையாலும் இரண்டு வளையல் போடச் சொன்னால் போதும்.